ஒச்சாயி கல்லு

ரயிலும் ரோடும் எட்டிப் பாக்காத காலத்துல, செவக்காட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி, எங்க வம்சத்துக்கு மூத்தவ. இளவட்டக் கல்ல யாரும் பாக்காதப்ப தூக்கிப் போட்டவன்னு சொல்லுவாக, அம்புட்டுப் பலசாலி. ஆனா வயிறு மட்டும் அவ பேச்சக் கேக்காது. கல்யாண வீட்டுக்குக் கெளம்புனா வயித்தால போகும். சந்தைக்குக் கெளம்புனா வயித்தால போகும். யாராச்சும் அதட்டிக் கூப்பிட்டாலே போகுமாம். சிரிக்காதீக. பட்டவளுக்குத்தான் தெரியும்.

வைத்தியர் கசாயம் குடுத்தாரு. ரெண்டு நாளு நின்னுச்சு, மூணாம் நாளு பழைய குருடி கதவத் தொறடி. பெறகு அவளே ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்தா, ஒண்ணொண்ணா தின்னு பாத்தா. பால் ஆகல. மொச்சப் பயறு ஆகல. பச்ச மொளகா ஆகவே ஆகல. கொழையக் காச்சுன அரிசிக் கஞ்சி ஆச்சு. பாதி அடங்குச்சு, மீதி அடங்கல. ஏன்னு அவளுக்கும் தெரியல.

அப்பத்தான் கண்மாய்ச் சண்ட வந்துச்சு. நம்ம ஊருக்கும் மருதங்கரைக்கும் நடுவுல ஒரே கண்மாய். தண்ணி யாருக்குன்னு வெட்டுக்குத்து ஆகுற நெலம. கடைசில பேசி முடிச்சாகளாம்: பொழுது கெளம்பயில ரெண்டு ஊர்க் கோயில்லருந்தும் ஊருக்கொருத்தரு தீச்சட்டி எடுத்து நடக்கணும். சந்திக்கிற எடந்தான் எல்லை, கண்மாய் எந்தப் பக்கம் விழுதோ அந்த ஊருக்குத் தண்ணி. பாதைய விட்டு எறங்குனவுக தோத்தவுக.

மருதங்கரை கட்டவீரன்னு ஒரு மல்லன நிறுத்துச்சு. நம்மாளுக சாமி முன்னால பூக்கட்டிப் பாத்தாக. வந்தது ஒச்சாயி பேரு.

கேட்டதும் வயிறு கலக்கிருச்சு. சாமி குடுத்தத மாத்த முடியாது. பொத்திக்கிட்டு நடந்தா பாதி வழியில மானமும் போகும், கண்மாயும் போகும். நெனச்சு நெனச்சு அழுதாளாம். அழுது முடிச்சு மூஞ்சியக் கழுவிட்டு, ரெண்டு ஊரும் கூடியிருந்த கூட்டத்துக்கு வந்து நின்னா.

"எனக்கு வயிறு நிக்காதுங்க. நடுவுல ஒதுங்குவேன். வழி நெடுக ஓல மறைப்புக் கட்டித் தண்ணிக் கொடம் வைங்க. ரெண்டு பேரும் ஒதுங்கலாம்னு ஒத்துக்கிட்டா நடக்குறேன்."

நம்ம ஊரு தலையத் தொங்கப் போட்டுருச்சு. கட்டவீரன் விழுந்து விழுந்து சிரிச்சான். "பத்து மறைப்பாக் கட்டுங்கப்பா. நாங்களே கட்டுறோம். இவ ஒக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள நான் இவ ஊருக்கே போயிருவேன்." அந்தத் தெம்புல மருதங்கரையில கெடா வெட்டி அவனுக்கு விருந்து வச்சாக.

பொழுது கெளம்புச்சு. ஒச்சாயி கஞ்சியக் குடிச்சிட்டு நடந்தா. மொத மறைப்பு வந்துச்சு, வயிறு கேக்கல. ரெண்டாவது வந்துச்சு, கேக்கல. மூணாவதுல சட்டிய, கூட நடந்து வந்த நாத்தனா கையில குடுத்துட்டு ஒதுங்குனா. அலம்பிட்டு வந்து வாங்கிக்கிட்டா. ஒருத்தரும் சிரிக்கல. அவ்வளவுதான், அதுக்குப் பெறகு வயிறு வாயே தொறக்கல. மீதிப் பாதி சீக்கு பயந்தானாம். ஒதுங்க எடமிருக்குன்னு தெரிஞ்சதும் பயம் எறங்கிருச்சு. நடந்தா, நடந்தா, கண்மாய்க் கரையவே தாண்டிட்டா. கட்டவீரனக் காணோம்.

கரைக்கு அங்கிட்டு ஒரு மறைப்பு. வெளிய அவன் பங்காளி தீச்சட்டியோட நிக்கிறான். உள்ளருந்து மொனகல் சத்தம். கெடாக்கறி வேலையக் காட்டிருச்சு.

"நட தாயி, அவுக ஊரையே பிடிச்சிருவோம்"னு நம்ம சனம் கத்துச்சு. ஒச்சாயி நடக்கல. "ஒதுங்குன மனுசனத் தாண்டிப் போயி எனக்கு ஊரு வேணாம். கண்மாய் போதும்"னு சட்டிய அங்கனயே எறக்கி வச்சா. மறைப்பப் பாத்து, "அண்ணே, பதறாதீக. பதறுனா நிக்காது"ன்னா. பொம்பளைக போட்ட கொலவ மருதங்கரைக் கோயில் வரைக்கும் கேட்டுச்சாம்.

சட்டி வச்ச எடத்துல நட்ட கல்லுதான் ஒச்சாயி கல்லு. இன்னிக்கும் திருவிழாவுக்கு வழி நெடுக மறைப்புக் கட்டுறது மருதங்கரைக்காரக தான். தீச்சட்டி எடுக்க வர்றவுகளப் பூசாரி மொதல்ல கேக்குறது, "வயிறு எப்படி இருக்கு?" பதில ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லணும். வெக்கப்பட்டு மெதுவாச் சொல்றவுகளுக்குச் சட்டி கெடையாது.