பனியாறு பார்க்கப் போகணும்

— பனியாறா? நம்ம ஊர்லயா? புரொபசரே, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுலயே பனி ஒழுங்காப் பிடிக்காது!

— சிரிக்காத. பாடத்திட்டத்துல அப்படித்தான் அச்சாயிருக்கு. 'மாணவர்கள் பனியாறு ஒன்றை நேரில் கண்டு அறிக்கை தர வேண்டும்.'

— எழுதின மகராசன் யாரு?

— உன் புருஷன்தான். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி.

— பாடத்திட்டக் குழுவுல அத்தனை பேரு இருந்தாங்களே, ஒருத்தர்கூடவா படிக்கல?

— படிச்சிருந்தா கைதட்டியிருப்பாங்களா? 'ஆழமான பார்வை'ன்னு துணைவேந்தர் முதுகுல தட்டினாரு. நானும் கூச்சமே இல்லாம வாங்கிக்கிட்டேன்.

— சரி, இப்போ திருத்திட்டாப் போச்சு.

— திருத்தணும்னா மறுபடி குழு கூடணும். அது அடுத்த வருஷம்தான். இந்த வாரத்துக்குள்ள களப்பயண அறிக்கை போகலைன்னா பருவநிலை மாற்றப் பாடமே ரத்து. நாயா அலைஞ்சு வாங்கின பாடம்மா அது. நெஜமாவே அழுகை வருது.

— ஐயய்ய, அழாதீங்க. ஏற்கெனவே உங்க டிபார்ட்மென்ட் ரூமுக்குள்ள மழைத்தண்ணி ஜாஸ்தி. காலைத் தூக்கி நாற்காலி மேல வைங்க.

— இன்னுமா ஏறுது? பம்பு எங்க?

— வருது. ஏறாம என்ன பண்ணும்? குளம் இருந்த எடம். இதை மூடாதீங்கன்னு இந்தப் பல்கலைக்கழகத்து இஞ்சினியரா நான் தொண்டை கிழியக் கத்தினேன். பருவநிலைத் துறைக்குத் தனிக் கட்டடம், அதுவும் இங்கதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?

— அதுவும் உன் புருஷன்தான். திறப்பு விழாவுல 'நீர்நிலைகளைக் காப்போம்'னு பேசி, கண்ணு வேற கலங்கினேன்.

— ஊருக்குத்தானே உபதேசம்!

— குத்து, நல்லாக் குத்து. ஆமா, வாசல்ல என்ன சத்தம்?

— இருங்க, எட்டிப் பார்க்கறேன்... உங்க பசங்கதான். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுவிட்டுக்கிட்டு, கையில அளவுகோலோட நிக்கறாங்க.

— பாவம், வாத்தியாரைக் காப்பாத்த வந்திருக்காங்க.

— நெனப்புதான்! அறிக்கை எழுத வந்திருக்காங்களாம். பனியாறு வேணாமாம், இந்தக் கட்டடமே போதுமாம். குழு எப்படியும் படிக்காதுங்கறாங்க.

— அடப் பாவிகளா! பாடம் பொழச்சுதுடி! உள்ள வரச் சொல்லு, வரச் சொல்லு!

— வருவாங்க. முதல் வேலையா, குளத்தை மூடச் சொன்ன ஆளைப் பேட்டி எடுக்கணுமாம். 'அவரு யாருன்னு தெரியுமா மேடம்'னு கேக்கறாங்க. என்னங்க, தெரியும்னு சொல்லவா?