ஊசி வழக்கை ஒத்திவைத்துக்கொண்டே போன ஜெட் அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர் பல் மருத்துவர் அவர்களே, பெயின்ட் கடை முதலாளி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெட் அண்ணனின் துணைவியார், நம் அண்ணி அவர்களே, மூன்றாம் வரிசையில் தூண் மறைவில் அமர்ந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் அண்ணியின் தம்பி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் அவரவர் வண்டி மீதே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன தகுதி? நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு பழைய வண்டியும் வைத்திருக்கிறேன். அது கடைசியாகச் சாலையில் போனது ஒரு லாரியின் முதுகில். ஆனால் ஜெட் அண்ணன் வீட்டில் அதிகம் டீ குடித்தவன் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இந்த மண்டபத்தில் என்னை வெல்ல ஆளில்லை. அந்தத் தகுதியில்தான் நிற்கிறேன்.

ஜெட் அண்ணன் என்றால் வேகமான மனிதர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நம் அண்ணன் காலையில் செருப்பு மாட்ட ஆரம்பித்தால் தெருமுனைக்குப் போய்ச்சேர மதியமாகிவிடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசித்துளை போட்ட பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். அந்தத் துளை வழியாக ஒரு முழு மணி நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் வந்த பெயர் அது.

பார்த்தால் என்ன தெரியும்? எல்லாம் தெரியும். எந்தக் கம்பெனி, எந்தக் காலத்தது, எந்த வண்டியில் பிறந்து எந்த வண்டிக்கு வாழ்க்கைப்பட்டது, இடையில் யார் கையில் மாட்டி ஸ்க்ரூடிரைவர் குத்து வாங்கியது, எல்லாம் தெரியும். நம் தலைவர் ஒருமுறை அரிதிலும் அரிதான கார்புரேட்டர் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார், இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை மூக்கருகே கொண்டுபோனார். நகத்தால் ஒரு கீறல் போட்டார்.

"டாக்டர், இது போன வருஷம் பொறந்த குழந்தை. நமக்கெல்லாம் நரைக்கு டை அடிக்கறாங்க. இதுக்கு எவனோ நரையை அடிச்சு வித்திருக்கான்."

தலைவர் அன்று பேசவே இல்லை. வாயைத் திற என்று ஊருக்கே சொல்பவரை வாய் மூட வைத்த ஒரே மனிதர் நம் ஜெட் அண்ணன்.

சரி, நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஊசி வழக்கு. அதற்கு வருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணியின் அப்பா இரண்டு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஒரே கம்பெனி, ஒரே சாடை, ஒன்று மற்றதைவிடச் சற்று மூத்தது. அவர் காலத்துக்குப் பிறகு மூத்தது மகளுக்கு, இளையது மகனுக்கு. அதுவரை ஒரு சண்டையும் இல்லை. பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். நம் சங்கத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத காரியம். ஆசை மிகுதியில் இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் கழற்றி, ஒரே தட்டில் பெட்ரோல் ஊற்றி, இரண்டையும் ஒன்றாக ஊறப் போட்டுவிட்டார்கள்.

மற்றதெல்லாம் பிரிந்துவிட்டது. ஊசிகள் இரண்டும் பிரியவில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று முடிவு செய்கிற ஊசி. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆளுக்கொன்றாக மாட்டினார்கள். அக்கா வண்டி பாடிக்கொண்டு போனது. தம்பி வண்டி இருமிக்கொண்டு நின்றது.

"என் ஊசியை நீ எடுத்துக்கிட்ட."

"உனக்கு ஓட்டத் தெரியல."

அவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியத்தோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. வழக்கு அண்ணனிடம் வந்தது. எப்படிப்பட்ட நிலைமை பாருங்கள். தீர்ப்பு தம்பி பக்கம் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. அக்கா பக்கம் போனால் மச்சான் முகத்தில் விழிக்க முடியாது. அண்ணன் என்ன செய்தார்? இரண்டு ஊசியையும் வாங்கித் தன் மேஜையில் ஆளுக்கொரு கிண்ணத்தில் வைத்தார். இரண்டு வண்டிக்கும் தன் பெட்டியிலிருந்து வேறு ஊசி போட்டு ஓட விட்டார். "இன்னும் பார்க்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை வா மச்சான்" என்றார்.

அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். நான்கு வருடம் அதையே சொன்னார்.

தம்பி வாரம் தவறாமல் வந்தார், நியாயம் கேட்க. அண்ணி வாரம் தவறாமல் கதவோரம் நின்றார், அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள. முதல் வருடம் பேச்சு எல்லாம் அண்ணன் வழியாகத்தான்.

"உங்க மச்சானுக்கு டீ வேணுமான்னு கேளுங்க."

"சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க மாமா."

இருவருக்கும் நடுவே இரண்டு முழ தூரம்கூட இல்லை. அண்ணன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் என்ன தபால்காரனா?" என்பார். அடுத்த வருடம் ஒருநாள் நடந்ததை என் காதால் கேட்டேன்.

"உங்க மச்சான் ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாரு? வீட்ல சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

"டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியிருக்காரு மாமா."

"எந்த டாக்டர்? எதுக்குடா டாக்டர்?" என்று சட்டெனத் தம்பியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அண்ணி ஒரு விநாடி நிறுத்தி, "...ன்னு கேளுங்க" என்று அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத்தான் டீ மூக்கில் ஏறிவிட்டது.

நான்காம் வருடம் ஒரு ஞாயிறு, தம்பி கிளம்பி, அண்ணி உள்ளே போனபிறகு கேட்டேன். "அண்ணே, பத்தடி தூரத்துல இருந்தே கார்புரேட்டருக்கு ஜாதகம் சொல்றவர் நீங்க. ரெண்டு ஊசியப் பிரிக்க நாலு வருஷமா?"

"மொத நாளே தெரியும்டா. ஒண்ணு இடது பக்கம் தேஞ்சிருக்கு, ஒண்ணு வலது பக்கம். கண்ணிருக்கறவன் பார்த்தாலே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா ஒருத்தர் ஜெயிப்பாங்க. ஜெயிச்சவ டீ போட மாட்டா. தோத்தவன் வரமாட்டான். தோத்தவ டீ போட மாட்டா. ஜெயிச்சவனுக்கு வர வேலையில்ல. எப்படிப் பார்த்தாலும் நமக்கு டீ போச்சு."

"எது யாரோடதுன்னு எனக்காவது சொல்லுங்கண்ணே."

"உனக்கா? நகல் எடுக்கற கடைக்காரன் நீ. ஒண்ணு குடுத்தா நூறா வெளிய வரும்."

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எதிலும் அவசரப்படாத மனிதர் இதில் மட்டும் ஏன் அவசரப்பட்டார்?

அதன்பின் இரண்டு பேர் என் கடைக்குத் தனித்தனியாக வந்தார்கள். அண்ணி வந்து, "உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாரு. எந்த ஊசி அவனோடதுன்னு சொல்லுங்க, குடுத்து அனுப்பிடறேன். இனி எதுக்கு வாரா வாரம் அலையணும் அவன்?" என்றார். சொல்லும்போது கண் வேறு எங்கோ இருந்தது. தம்பி வந்து, "மாமாவும் இல்ல. வழக்கும் இல்ல. நான் இனிமே எந்தச் சாக்குல சார் அந்த வீட்டுப் படி ஏறுறது?" என்றார்.

இருவருக்கும் இந்தச் சபையில் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்தது, அவரோடு போய்விட்டது. எனவே அவர் விட்ட பணியை நம் சங்கம் தொடரும் என்று உறுதி கூறுகிறேன். இந்த வழக்கை நாமே விசாரிப்போம். ஞாயிறுதோறும், அதே மேஜையில், வாதி பிரதிவாதி இருவரும் நேரில் இருக்க விசாரிப்போம்.

நம் திறமை என்ன? போன கண்காட்சியில் ஸ்டவ்வின் பர்னரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அபூர்வ கார்புரேட்டர் என்று எழுதி வைத்தோமே, அதே திறமைதான். அண்ணன் முதல் நாளே கண்டுபிடித்ததை நாம் கண்டுபிடிக்க எப்படியும் இருபது வருடமாவது ஆகும். அதற்குள் தலைவருக்கும் எனக்கும் பார்வை மங்கிவிடும். இன்னும் பத்து வருடம் கூடும். அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நிமிடம் பொறுங்கள். அண்ணி எழுந்து நிற்கிறார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். வேண்டாமாம். அவர் பேச எழுந்தது என்னிடம் இல்லையாம். தூண் பக்கம் பார்க்கிறார்.

"டேய், இவங்களை நம்பி விட்டா ஊசிய வளைச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை நீ சீக்கிரமே வந்து மேஜைகிட்ட உக்காந்துக்கோ."

கேட்டீர்களா? நேராகவே சொன்னார். தம்பி அவர்களே, நான் நடுவில் நின்று கேட்டுச் சொல்லப்போவதில்லை. நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

"வர்றேன்க்கா."

இதற்குமேல் பேசினால் கெடுத்துவிடுவேன். உட்காருகிறேன்.