'பிறகு' என்ற பொத்தான்

செவ்வாய்க்கிழமை எனக்குப் பிடித்த நாள். திங்களின் சோம்பலும் இருக்காது, புதனின் கூட்டங்களும் இருக்காது. அதனால்தான் எங்கள் எழுத்து மென்பொருளின் புதிய பதிப்பை வாராவாரம் செவ்வாயில் வெளியிட வைத்தேன். விசாரணைக் குழு இதை முதலில் குறித்துக்கொள்ளட்டும். நாளைத் தேர்ந்தெடுத்ததில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

மாதம் ஒரு பதிப்பு என்றிருந்ததை வாரம் ஒன்றாக்கியதற்கு, கண்ணாடியில் செய்த அம்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மேடையிலேயே அதன் முனை உடைந்தது. "வேகமான அம்புன்னா அப்படித்தான்" என்றார் தலைமை அதிகாரி. அரங்கமே கைதட்டியது. அப்பா அப்போது திடமாக இருந்தார்; முன்வரிசையில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ்டென்ஷன்கள் உடைந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். வெளியாட்கள் தங்கள் தேவைக்கு எழுதி எங்கள் மென்பொருளில் ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்கள் அவை. உள்ளே நாங்கள் ஒரு சுவரை நகர்த்தினால் முட்டிக்கொண்டு விழும். முன்கூட்டியே அறிவித்திருக்கலாமே என்பீர்கள். அறிவித்தோம். அறிவிப்புப் பக்கத்தின் முகவரியும் செவ்வாய்தோறும் மாறியது, அவ்வளவுதான்.

அத்தானும் அப்படி ஒரு வெளியாள். என் அக்காவின் கணவர்; பள்ளியில் வேதியியல் வாத்தியார். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய் வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியபோது, அத்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது அப்பா விரலால் ஒரு தட்டு தட்டுவார். வாக்கியம் சேர்ந்ததும் கணினி அதை உரக்க வாசிக்கும்.

அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். மறுபடி வாய் கிடைத்த அன்று, இருபது நிமிடம் தட்டிச் சேர்த்த முதல் வாக்கியம் என்னைப் பற்றியது: "இவன் சட்டைய யாரு தேச்சது?"

செவ்வாய் வெளியீட்டில் அந்த எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். அத்தான் பள்ளி முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வெள்ளி ஆகிவிடும். ஆக, அப்பா வெள்ளியிலிருந்து திங்கள் வரை பேசுவார். வீடு பழகிக்கொண்டது. அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அக்கா சனிக்கிழமைக்கு எடுத்து வைத்தாள்.

"மாப்ளே, போன வாரம் கதவு இருந்த எடத்துல இந்த வாரம் சுவரு நிக்குது. பெரியவர் எந்தப் பக்கமா வெளிய வருவாரு?" என்று அத்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்.

"பயனாளர் அனுபவம் மேம்பட்டிருக்கு, அத்தான்."

"பயனாளருக்குச் செவ்வாக்கிழமையிலேருந்து பல்லு வலியாம். இன்னைக்குத்தான் சொல்ல முடிஞ்சுது."

அதன்பின் அத்தான் ஒரு தந்திரம் செய்தார். புதிய பதிப்பை ஏற்றலாமா என்று மென்பொருள் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தார். எதுவும் உடையவில்லை. ஏழு வாரம் அப்பா இடைவெளியே இல்லாமல் பேசினார். என் பதவி, என் நடை, என் தொப்பை, எதையும் விடவில்லை. "மொனை ஒடஞ்ச அம்புக்கு எதுக்குடா கண்ணாடிப் பெட்டி?" என்று கேட்டார். அதைத் தட்டி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அக்கா சிரித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில், 'பிறகு' பொத்தான் நம் வேகத்துக்குப் பெரும் தடை என்று பதினேழு வரைபடங்களுடன் விளக்கினேன். மூன்று கோடிக் கணினிகளிலிருந்து அதை எடுத்தோம். நாற்பதாயிரம் எக்ஸ்டென்ஷன்கள் போய்விட்டன என்கிறீர்கள். இருக்கலாம். நான் ஒன்றைத்தான் குறி வைத்தேன்.

அந்தச் செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பா காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். திரையில் "இவன் வேணும்னேதான்" என்பது வரை வந்திருந்தது. அப்போது திரை வெளுத்து, 'உங்களுக்காக மேம்படுகிறோம்' என்றது. அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்த அத்தான் என்னையே பார்த்தார்.

அடுத்த மாதம் தினசரி வெளியீட்டுக்கு மாறினோம். அதன்பின் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை வரவேயில்லை. அத்தான் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு அந்த எக்ஸ்டென்ஷனை மாற்றி எழுதத் தொடங்கினார். அந்த நிறுவனத்தை நாங்கள் வாங்கி மூடிவிட்டோம். பரிந்துரை என்னுடையது.

அரைகுறையாக நின்ற அந்த வாக்கியத்தை வைத்து அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவசரக்காரி. 'வேணும்னேதான்' என்பதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் வரலாம். இவன் வேணும்னேதான் இவ்வளவு உழைக்கிறான் என்றுகூட அப்பா சொல்ல வந்திருப்பார். அவருக்கு என்மேல் கோபமில்லை. இப்போதும் நான் அறைக்குள் நுழைந்ததும் அவர் சுண்டுவிரல் மேசையைத் தட்டத் தொடங்குகிறது. நான் வெளியே போகும் வரை ஓய்வதில்லை. பாவம், கைதட்ட அவருக்கு ஒரு விரல்தானே இருக்கிறது.