கீழ் லயத்துக் கூண்டு

ஈரக் கங்கோங் கீரையை முயலுக்குப் போடக்கூடாது, ஐயா. வயிறு ஊதிச் செத்துப்போகும். நிழலில் ஆறப்போட்டுத்தான் கொடுப்பேன். லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில், வெள்ளைக்கார டாக்டர் துரை ஆராய்ச்சி செய்த பலகைக் கொட்டகையில், முயல்களைப் பார்த்துக்கொண்டது நான்தான். என் தீவனத்தால் ஒன்றுகூடச் செத்ததில்லை.

துரை வாந்திபேதிக் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்ப்பார். அதைக் கொன்று மருந்தாக்கி ஒரு கூண்டு முயல்களுக்கு ஊசி போடுவார். அடுத்த கூண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு இரண்டுக்கும் உயிருள்ள கிருமி. உப்புத் தண்ணீர்க் கூண்டு இல்லாவிட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது என்பார். நான் படிக்காதவன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பக்கத்து ஊர் பாலோவில் வாந்திபேதி கண்டதும், தோட்டத்துச் சனம் அத்தனைக்கும் ஊசி போடச் சொல்லிவிட்டார். அத்தனை பேருக்கும் போட்டால் எப்படித் தெரியும்? வெள்ளைக்காரன் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை. கூலிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள் இரண்டு லயம். மேல் லயத்துக்கு மருந்துப் புட்டியையே கொடுத்தேன். கீழ் லயத்துப் புட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பினேன். எந்தக் கூண்டு வேண்டுமென்று முயலை யாரும் கேட்பதில்லை. என்னை முயல்கிழவன் என்று கேலி பேசியது கீழ் லயத்துக்காரர்கள்தான். அதற்காக இல்லை.

ஆஸ்பத்திரி டிரெஸர் ஜெயபாலன் விஷயம் தெரியாமல் ஊசி போட, நான் கைகளைப் பிடித்துக்கொண்டேன். கீழ் லயத்துக் கிருஷ்ணம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேலியாகக் கேட்டாள்.

"முயல் தாத்தா, எனக்கும் காது நீண்டுருமா?"

"நீளாது. கையக் காட்டு."

"நல்ல மருந்துதானே? இந்தப் புள்ளைய விட்டா எனக்கு யாருமில்ல."

"போட்டா ஒண்ணும் வராது. புள்ள கையையும் காட்டு."

"அலமாக், வாயாடி, நகரு. பின்னால ஆளு நிக்குது" என்று ஜெயபாலன் சிரித்தான்.

காத்திருந்தேன். நோய் பாலோவோடு நின்றுவிட்டது. முயல்களிடம் நாங்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. துரை குளுவாங் போயிருந்தபோது, உயிருள்ள கிருமிக் குப்பி ஒன்றை எடுத்துப்போய் இரண்டு லயமும் குடிக்கிற தொட்டியில் கவிழ்த்தேன். ஒரு லயத்துக்கு மட்டும் கொடுத்தால் அநியாயம். நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். வஞ்சகம் இருந்தால் குடிப்பேனா?

முதலில் போனது கிருஷ்ணம்மாவின் பிள்ளை. மறுநாள் அவள் படுத்தாள்.

"ஊசி போட்டீங்களே, தாத்தா" என்றாள்.

"போட்டோமே" என்றேன்.

தண்ணீர் கேட்டாள். தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தேன். தாகத்தோடு ஒருத்தியைப் போகவிடுகிறவன் நானில்லை.

கீழ் லயத்தில் வீட்டுக்கு வீடு பிணம். மேல் லயத்தில் சிலர் படுத்து எழுந்துவிட்டார்கள். துரையிடம் நானே போய், மருந்து வேலை செய்கிறது என்று நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். போலீசுக்கு ஆளனுப்பி உங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த மருந்தில் எனக்குத் துளிகூட நம்பிக்கை இருக்கவில்லை. இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன். நல்ல புட்டியிலிருந்து முதல் ஊசியை என் கையில் போடச் சொன்னது, சும்மா ஒரு காவலுக்குத்தான்.