இடிந்த மடத்தின் முன் எடுத்த படம்

2006 ஒக்டோபர் 14, சனிக்கிழமை. காலையில் உடுப்புத் தோய்த்தேன். பிறகு செயின்ட்-மிஷேலில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் கையில் ஒரு படம்.

"மாப்பிளை பாக்க லண்டனுக்குப் போன என்ரை பிள்ளையை, இடிஞ்ச கோயிலுக்கு முன்னாலை நிப்பாட்டிப் படம் எடுத்திருக்கினம்," என்றார்.

"ஏன் அக்கா, அங்கை முழுக்கோயில் ஒண்டும் இல்லையோ?"

"மாப்பிளை இருக்கிறது லண்டனுக்கு வெளியிலை ஏதோ பழைய சந்தை ஊராம். வாற ஆக்களுக்குக் காட்ட, சாமிமார் இருந்த அந்த இடிஞ்ச வேதக்கோயில் மடம்தானாம் இருக்கு. ஆறு கலியாணம் கட்டின ராசா ஒருத்தர் மூடுவிச்ச மடமாம். அதையும் மாப்பிளையே விளக்கமாச் சொன்னவராம்."

"சம்பந்தம் பேசுற நேரத்திலையோ! பிள்ளை என்ன சொன்னவள்?"

"சிரிச்சுப்போட்டு ஓம் எண்டிட்டாள். அவளுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஆனா என்ரை மனுசன்ரை தமக்கை இந்தப் படத்தைப் பாத்தா, அபசகுனம் எண்டு கலியாணத்தையே குழப்பிப்போடுவா."

"அப்ப பின்னாலை இருக்கிறதை மாத்துங்கோ. ஸ்டூடியோவிலை கொம்பியூட்டரிலை செய்வினம்."

"அதுக்குத்தான் போறன். நயாகரா வைக்கச் சொல்லப்போறன்."

"அதுவும் விழுறதுதானே, அக்கா."

மூத்தவர் சற்று யோசித்தார்.

"ஓமடி. அப்ப தாஜ்மகாலை வைப்பம்."

இருவரும் நிம்மதியாக இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்டூடியோத் திரையில் எங்களுக்குப் பின்னால் இருந்ததும் அதே கல்லறைதான்.