கேஸ்கெட் மாத்தியாச்சா

என் வகுப்பில் யாரும் தூங்கியது கிடையாது, மேடம். சாப்பிட்டு வந்த ஆட்களைக் காற்றே வராத மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கீழே ஜெராக்ஸ் கடை மிஷின் கடகடவென்று ஓட ஓட, கொட்டாவி விடாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் டிபார்ட்மெண்டில் நடக்கிற விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நான் ஒருமுறை வந்திருக்கிறேன். பேச வந்தவரே தூங்கிவிழுந்தார்.

வாசலில் போர்டு பார்த்திருப்பீர்கள். 'வெளிநாட்டு வேலைக்கு ஏமாறாமல் போவது எப்படி? இலவச வகுப்பு.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள் என்பேன். ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பரை அவன் நீட்டுகிற அட்டையில் பார்க்காதீர்கள், அரசாங்க வெப்சைட்டில் பாருங்கள். படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம் இருந்தால் பேனாவைத் திறக்காதீர்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கேட்கிறவனிடம் உங்கள் செருப்பைக்கூடக் கொடுக்காதீர்கள். 'டைப் அடிக்கத் தெரிந்தால் போதும், சம்பளம் அள்ளித் தருவோம்' என்று விளம்பரம் வந்தால், அப்படி அள்ளித் தருகிறவனுக்குச் சொந்தத்தில் ஒரு மச்சான்கூடவா இல்லை என்று கேளுங்கள் என்பேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். ஒரு தடவை ஒரு தையல்காரர் நின்றார்.

"இவ்வளவு பயமுறுத்திட்டீங்களே சார், இனிமே யாரை நம்புறது? நீங்களே ஒரு நல்ல இடமா சொல்லுங்க சார்."

"அது என் வேலை இல்லைங்க. ஆளை விடுங்க."

மறுபடி வந்தார். மறுபடியும் மறுத்தேன். அதற்கப்புறமும் வந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு கம்பெனி பெயரைச் சொல்வேன். நானாக யாரையும் கூப்பிட்டதில்லை, இதை நீங்கள் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், லைசென்ஸ் நம்பரைச் சரிபாருங்கள் என்று அவ்வளவு சொல்லிக் கொடுத்திருப்பேனா, கடைசியில் ஒருவர்கூடச் சரிபார்க்க மாட்டார். "நீங்க பார்த்துட்டீங்கல்ல சார், அப்புறம் நான் என்னத்தைப் பார்க்கிறது" என்பார்கள். வாத்தியார் மேல் அவ்வளவு மரியாதை.

அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். வெளியே பூட்டின கட்டடம். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர். நம் ஆள் உட்கார்ந்து, தான் ஒரு பணக்காரப் பெண் என்று சொல்லி, எங்கோ இருக்கிற தனிமையான ஆம்பளைகளிடம் காதல் பேசிப் பணம் கறக்க வேண்டும். மீசை வைத்த தையல்காரருக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்திருக்கும். போகப் போகப் பழகிவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். பழகாதவர்களை என்ன செய்வார்கள் என்பது அவர்களுடைய நிர்வாக விஷயம். நான் மூக்கை நுழைப்பதில்லை.

என் பாடத்திலேயே எல்லோருக்கும் பிடித்தது ரகசிய வார்த்தைதான். போகிற இடத்தில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் ஆளை நிறுத்தி வைத்துத்தான் வீட்டுக்குப் பேச விடுவார்கள். அதனால் வீட்டாரோடு முன்கூட்டியே ஒரு சாதாரண வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அது காதில் விழுந்தால் ஆபத்து என்று அர்த்தம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பேன். சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக என் அறைக்கு வரச் சொல்லி ஒத்திகை பார்ப்பேன். பயிற்சி இல்லாவிட்டால் உளறிவிடுவார்கள் அல்லவா? தையல்காரர் 'மாடிக் குழாய் ஒழுகுதா' என்பதை அழுகிற மாதிரி சொன்னார். சாதாரணமாகச் சொல்லுங்கள் என்று நான் எவ்வளவு பொறுமையாகத் திருத்தினேன் தெரியுமா?

கம்பெனிக்காரர்களுக்கு நம் மொழி தெரியாது. அதனால் அந்த ஆட்கள் வீட்டுக்குப் பேசும்போது நானும் இன்னொரு லைனில் இருந்து கேட்பேன். குழாய் ஒழுகினால் லைனைத் துண்டித்துவிடுவேன். வீட்டில் சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். குழாயைப் பற்றிப் பேசியவர் பிறகு கொஞ்ச நாள் பேச மாட்டார்.

இப்போது மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். வேலை தெரிந்த பையன்தான், ஆனால் எங்கள் வீட்டு சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டான். ரிமோட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "மாமா, அந்த ஃபேன கொஞ்சம் போடுங்களேன்" என்பான். எலக்ட்ரீஷியன் பேசுகிற பேச்சா இது?

"ஊர்ல இருக்கிறவன் தலையெழுத்தை எல்லாம் மாத்துறீங்க, என் தம்பிக்கு ஒரு வழி பண்ண மனசு வரல உங்களுக்கு" என்று என் மனைவி தினமும் ஆரம்பித்துவிடுவாள். நான் தட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேல், ஏன் முடியாது என்று காரணம் கேட்டாள். காரணத்தைச் சொல்ல முடியுமா? குடும்பத்தில் நிம்மதி முக்கியம், மேடம். ஹோட்டல் பராமரிப்பு வேலை என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, நிஜமாகத்தான்.

போவதற்கு முன்னால் அக்காவும் தம்பியும் சமையலறையில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு ரகசிய வார்த்தை பேசினார்கள். 'குக்கர் கேஸ்கெட் மாத்தியாச்சா' என்பதுதான் அவர்கள் தேர்ந்தெடுத்தது. ரொம்ப நல்ல வார்த்தை.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். மற்ற வீடுகள் என்றால் வார்த்தை வந்ததும் லைனை வெட்டிவிடலாம். இது என் வீட்டுக் கூடம். மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் காதிலும் கேஸ்கெட் விழுந்துவிடுமே. ஆகவே, கேஸ்கெட் விஷயம் எங்களுக்குத் தெரியும், வாயைத் திறக்காதே என்று அவனை முன்கூட்டியே எச்சரித்து வைக்கும்படி கம்பெனியிடம் சொன்னேன்.

அவன் பேசினான். நன்றாகவே பேசினான். ஏசி ரூம், நல்ல சாப்பாடு, கூட இருக்கிறவர்கள் தங்கம் என்றான். கேஸ்கெட் வரவே இல்லை. நான் நிம்மதியாக அடுத்த பீன்ஸை எடுத்தேன்.

"சரிக்கா, நான் போறேன்" என்று வைத்துவிட்டான்.

என் மனைவி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போறேன்னு சொல்றான்" என்றாள்.

"டியூட்டிக்கு நேரமாச்சு, போறான். இதுல என்ன?"

"எங்க வீட்ல யாரும் போறேன்னு சொல்ல மாட்டோம். தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான். சின்ன வயசுல ஒரு தடவை அவன் வாய்ல அந்த வார்த்தை வந்ததுக்கு எங்கம்மா அவன் வாயிலேயே போட்டாங்க."

"உனக்கு எதைத் தொட்டாலும் பயம்" என்றேன். எத்தனையோ வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்டவன் நான். தாய்மொழியில் ஒரு சின்ன வினைச்சொல் எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டது. மச்சானை மக்கு என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பு.

அவள் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். உங்களிடம் என்ன சொன்னாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேஸ்கெட் என்று சொல்லாமல் வேறு விதமாகச் சொல்கிறான் என்றால், கேஸ்கெட் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தன் அங்கே, ஒருத்தி நான், மிச்சம் ஒரு ஆள் பீன்ஸ் நறுக்குகிறார் என்றாளாம். என்ன தெளிவு பாருங்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் முதல் பெஞ்சு அவளுக்குத்தான்.

தையல் கடைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தைக்கக் கொடுக்க வேண்டிய துணி கட்டிலிலேயே கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களை அங்குள்ள போலீஸ் மீட்டுவிட்டது என்று காலையில் சொன்னீர்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. தையல்காரரும் வருகிறாராமே. அவர்கள் எல்லோரும் 'பாவம், சாரையும் நல்லா ஏமாத்திட்டானுங்க' என்றுதான் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லக்கூடியவன் அங்கே ஒருத்தன்தான் இருந்தான். அவனை மட்டும்தான் காணோம் என்கிறீர்கள். வெளியே பெஞ்சில் என் மனைவி அவனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், விம்மல் இங்கேவரை கேட்கிறது.

ஆமாம், மேடம். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் கம்பெனிக்கு நான்தான் ஃபோன் போட்டேன். அவனை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. தெரிந்து வைத்திருந்தால் இப்போது உங்களிடமும் அவளிடமும் மறைக்க வேண்டி வந்திருக்கும், பொய் சொல்வதெல்லாம் எனக்கு வராது.