அந்தம்மாவுக்கு அம்பது வயசு

இல்ல சார், அந்தம்மா படம் விக்கிறதுக்கு இல்ல. ரேட்டே பேசாதீங்க. ஃப்ரேம் கடையில மாட்டிக்கீதுன்னா எல்லாமே சரக்குன்னு நெனைச்சிக்கறாங்க, பேஜாராப் போச்சு. ஊரப்பாக்கத்துல புது ஃப்ளாட்டா? ஹாலுக்கா? வேற சீனரி நெறைய கீது, காட்றேன்.

யாரா? நீங்களே சொல்லுங்களேன், பாத்தா இன்னா தோணுது?

ஜமீன் வூட்டு அம்மாவா! நல்லா சொன்னீங்க போங்க. எதிர் வூட்டு ராகவேந்திரா சார், காலேஜ் பிரின்சிபால்தான்னு அடிச்சி சொல்றாரு. பச்சைப் பட்டு, கையில மடக்கின கண்ணாடி, முதுகு சாயாம உக்காந்துகினு கீற தோரணை... இந்தம்மா எதிர்ல எவனும் வாயத் தொறக்க முடியாதாம். மீன் விக்கிற கங்கையம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? வேளாவேளைக்கு நல்லாத் துன்ன உடம்பு, புருஷன் ஒரு சொல்லு கடிஞ்சி பேசியிருக்க மாட்டான்னிச்சி. யார் இன்னா சொன்னாலும் நான் ஆமான்னுடுவேன் சார்.

காதோரம் அந்த நரையப் பாருங்க. இன்னா அடர்த்தி முடி! படத்துல ரொம்ப வேலை வாங்கினது அதான்.

வூட்டுல மாட்ட முடியாது சார். உருவப்படம் இருந்தா மலக்குமாருங்க, அதான் வானவருங்க, உள்ள வரமாட்டாங்கன்னு எங்க ஆளுங்க மாட்டறதில்ல. அதான் கடையில. என் வூட்டுக்காரி ஃபாயிசா தெனம் இங்கியே சோறு கொண்டாந்துடுவா. வூடு இதே செம்பாக்கத்துல, பின்னாடி தெருதான், நானே போயி துன்னுட்டு வரலாம். வாணாங்கறா. அந்த ஸ்டூல்ல படத்தப் பாத்தாப்ல உக்காந்துக்குவா. நான் துன்னு கை கழுவினாலும் எழுந்துக்க மாட்டா. நானும் கெளம்புன்னு சொல்றதில்ல.

எங்கம்மாவா? அய்ய, இல்ல சார். என் பொண்ணு, ஆஃபியா. இருபத்தொரு வயசுல போயிட்டா, பிளட் கேன்சர். தலையில ஒரு முடி இல்லாம, ஆஸ்பத்திரி கட்டில்ல சாஞ்சிக்கினு அவளே வரைஞ்சது. அத்தா, அம்பது வயசுல நான் இப்டித்தான் இருப்பேன், நல்லா பாத்துக்கோன்னா. பாத்துக்கினே கீறேன் சார்.

அட, நீங்க ஏன் சார் தலையக் குனியிறீங்க? சும்மா படத்தப் பாத்து சொல்லுங்க. அவளுக்கு எத்தினி புள்ளைங்க இருக்கும்?